இருபத்தாறு மில்லிமீட்டர் வளையம்

ஜனவரி 7, திங்கள்

கமிட்டி உறுப்பினர்கள் மூன்று பேர் முறுக்கு தின்றபடி என் ஆறு வருட ஆராய்ச்சியைப் பார்த்தார்கள். கல்தாளி இலைச் சாறு, புண்ணைச் சீழ்பிடிக்க வைக்கும் பாக்டீரியாவைக் கொல்கிறது என்றேன். கிருமி வளர்க்கும் கண்ணாடிப் பிளேட்டில் சாறு வைத்த இடத்தைச் சுற்றி இருபத்தாறு மில்லிமீட்டருக்குக் கிருமியே இல்லாத தெளிந்த வளையம். பக்கத்தில் வைத்த ஆன்டிபயாடிக் மாத்திரைக்கே இருபத்திரண்டுதான் என்று சொன்னதும் முறுக்குச் சத்தம் நின்றது. அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

பிறகு வெளியூரிலிருந்து வந்தவர் கேட்டார். "எத்தன தடவ இலை பறிச்சீங்கம்மா?"

ஒரு தடவை. போன ஜூலையில்.

"வேற பருவத்துல இன்னொரு தடவ பறிச்சு, இதே அளவு வருதான்னு பாத்துட்டுச் சமர்ப்பிங்க."

மார்ச் 29 கடைசி நாள். இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று, மூன்றாவது கிடையாது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்தாகும். முனைவர் பட்டம் இல்லாதவர்களுக்கு ஜூன் முதல் இந்தக் கல்லூரியில் வேலையில்லை என்று முதல்வர் போன மாதமே சுற்றறிக்கை விட்டுவிட்டார். என் வழிகாட்டி தாணுமாலயன் சார் வெளியே வந்ததும், "ஒரு மாச வேல சுகிர்தா, பதறாத" என்றார். நான் பதறவில்லை. மலைக்குப் போய் இலை பறிப்பதில் பதற என்ன இருக்கிறது?

வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது. கணவர் ஸ்டான்லிதான் ஹோட்டலில் புரோட்டா வாங்கி வந்தார்.

ஜனவரி 9, புதன்

லூர்து அக்கா இன்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். எங்கள் ஆய்வகத்தில் பிளேட், குடுவையெல்லாம் கழுவுவது அவர்தான். தினமும் பிளீச்சிங் கரைசலில் நாலு மணி நேரம். நவம்பரில் விரலிடுக்கெல்லாம் வெடித்துச் சீழ் வைத்திருந்தது. அப்போதுதான் என் கல்தாளிச் சாற்றை வற்றவைத்து வாசலினில் குழைத்து ஒரு சின்ன டப்பாவில் கொடுத்தேன்.

"பாருங்க டீச்சர், சீழெல்லாம் வத்திட்டு. ஆசுபத்திரிக் களிம்பு மூணு மாசம் போட்டேன், கேக்கல. ஒங்களுக்குக் கைராசி, கேட்டியளா."

இன்னும் வெடிப்பு போகவில்லை என்று இன்னொரு டப்பா கேட்டார். கொடுத்தேன். இதற்கெல்லாம் முறைப்படி அனுமதி வாங்க வேண்டும்தான். காட்டுச் செடி, தேங்காய் எண்ணெய் மாதிரி. யார் கேட்கப் போகிறார்கள்?

ரப்பர் கையுறைப் பெட்டியை என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். திறந்து வைத்தால் ஆளாளுக்கு எடுத்துப் போகிறார்கள். கிருமி வேலைக்கு எனக்கே போதவில்லை.

ஜனவரி 12, சனி

வனத்துறை அனுமதிக் கடிதத்தோடு ஸ்டான்லியின் பைக்கில் மலையடிவாரம் போனோம். ஜூலையில் பறித்த அதே பாறை, அதே சரிவு. கல்தாளி பாறையை இறுகப் பற்றிக்கொண்டு கிடந்தது. இலை கட்டைவிரல் நகம் அளவு, கசக்கினால் பச்சை மாங்காய் வாசனை. இரண்டு பை நிறையப் பறித்தேன். ஸ்டான்லிக்கு அட்டை கடித்துவிட்டது. வீடு வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

ஜனவரி 21, திங்கள்

பொங்கல் விடுமுறையில் இலை அருமையாகக் காய்ந்துவிட்டது. ஆய்வக வராந்தா நிழலில், நல்ல காற்றில். ஜூலையில் பட்ட பாடு நினைவுக்கு வந்தது. விடாத மழை. மூன்றே நாளில் பாதி இலை பூஞ்சை பிடித்துவிட்டது. மீதியைத் தூக்கிக்கொண்டு உலர்செடிக் காப்பகத்துக்கு ஓடினேன். செடிகளை அழுத்திக் காயவைத்து, அட்டையில் ஒட்டி, காலத்துக்கும் வைத்திருக்கும் அறை அது. அப்போது பொறுப்பிலிருந்த சாமுவேல் சார் சலித்துக்கொண்டே வாங்கி, செய்தித்தாள்களுக்கு நடுவில் அடுக்கி, அழுத்திக் காயவைத்துக் கொடுத்தார். அதைத்தான் பொடித்தேன்.

ஆய்வேட்டில் இரண்டையும் 'நிழலில் உலர்த்தியது' என்றே எழுதியிருக்கிறேன். பொய்யில்லையே. அந்த அறைக்குள் வெயிலா அடிக்கிறது?

ஜனவரி 29, செவ்வாய்

ஆக்சிஜனேற்றத் தடுப்புச் சோதனை முடிந்தது. ஊதாக் கரைசலில் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். சரக்கு இருந்தால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். அரை மணி நேரத்தில் எலுமிச்சைச் சாறு நிறம் வந்துவிட்டது. ஜூலைச் சாறு எப்படியோ ஜனவரிச் சாறும் அப்படியே. என் செடி என்னைக் கைவிடாது. பிளேட்டும் போட்டு இன்குபேட்டரில் வைத்துவிட்டேன்.

ஜனவரி 30, புதன்

வளையம் இல்லை.

கொஞ்சமாவது என்றுகூடச் சொல்ல முடியாது. பாக்டீரியா சாற்றின் விளிம்புவரை வந்து, அதன் மேலேயும் ஏறி வளர்ந்திருக்கிறது. நான்தான் ஏதோ தப்புச் செய்திருக்கிறேன். நாளை மறுபடி.

பிப்ரவரி 1, வெள்ளி

மறுபடியும் இல்லை.

பிப்ரவரி 5, செவ்வாய்

பாக்டீரியா மாறிவிட்டதோ என்று சந்தேகம். ஒரே பிளேட்டில் இடப்பக்கம் ஜூலைச் சாறு, வலப்பக்கம் ஜனவரிச் சாறு, நடுவில் சாறு இறக்கப் பயன்படுத்தும் வெறும் மெத்தனால். நடுவில் ஒன்றுமில்லை, அது சரி. வலப்பக்கம் ஒன்றுமில்லை. இடப்பக்கம் ஸ்கேல் வைத்து அளந்தேன். இருபத்தாறு. இருபத்தாறரை என்றுகூடச் சொல்லலாம்.

எரிச்சல் எரிச்சலாக வருகிறது. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். ஸ்டான்லி ஏதோ கேட்டார், என்ன கேட்டார் என்று இப்போது நினைவில்லை. கத்திவிட்டேன் என்பது நினைவிருக்கிறது.

பிப்ரவரி 8, வெள்ளி

சாரிடம் சொன்னேன். "பருவத்துக்குப் பருவம் சத்து மாறும்லா? இன்னும் ரெண்டு தடவ போடு, வரும்" என்றார். மழைக்காலத்தில் மட்டும் செடி ஏதோ பொருளைச் சுரக்கிறது என்றால் அது இன்னும் பெரிய கண்டுபிடிப்பு. அப்படி நினைத்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது.

லூர்து அக்கா இன்று இரண்டு பிளேட்டை உடைத்துவிட்டார். "கை நடுங்குது டீச்சர்" என்கிறார். கவனமில்லை என்று சொல்வதற்கு இப்படியும் ஒரு வழி. இருக்கிறதே அறுபது பிளேட்.

பிப்ரவரி 16, சனி

மலையில் வேறு சரிவு, நிழல் அதிகமுள்ள பாறை. மறுபடியும் ஒரு பை. ஸ்டான்லி வர மறுத்துவிட்டார், பஸ்ஸில் போய் வந்தேன்.

பிப்ரவரி 25, திங்கள்

அதுவும் பூஜ்யம். ஊதா மஞ்சளாகிறது, ஒவ்வொரு தடவையும் ஒழுங்காக ஆகிறது. பாக்டீரியா மட்டும் என் செடியை மதிப்பதில்லை.

லூர்து அக்காவுக்கு ஈறு வீங்கி ரத்தம் வருகிறதாம். டீ குடித்தால் இரும்பை நக்கிய மாதிரி இருக்கிறதாம். காலையில் முகமும் உப்பியிருந்தது. ரத்தச் சோகையாக இருக்கும், முருங்கைக் கீரை சாப்பிடுங்கள் என்றேன். முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் சிரிப்பவர், இப்போது டம்ளர் கீழே விழுந்தால் அழுகிறார். கையில் மட்டும் பழையபடி பளபளவென்று களிம்பு. இன்னும் ஒரு டப்பா கேட்டார். ஜூலைச் சாறு கொஞ்சம்தான் மிச்சமிருக்கிறது, ஆனாலும் கொடுத்தேன். புதுச் சாற்றில் செய்து கொடுக்க மனம் வரவில்லை. வேலை செய்யாத மருந்தை ஒருவருக்கு எப்படிக் கொடுப்பது?

மார்ச் 5, செவ்வாய்

சார் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"இங்க பாரும்மா. ஜூலைச் சாறு வேல செய்யுது, அது உண்மதானே? அதுலேருந்தே மூணு செட் பிளேட் போடு. ஜூலை, ஜனவரி, பிப்ரவரின்னு எழுது. கட்டுரை ஏற்கனவே அச்சாயிட்டு. எனக்க பேரும் அதுல இருக்கு."

நான் சரி என்று சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து அட்டவணைக்குக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். 26, 25.5, 26. மூன்றும் ஒன்றாக இருந்தால் சந்தேகம் வரும்.

மார்ச் 7, வியாழன்

ஆய்வேட்டில் மாதிரிச் செடியின் எண்ணைப் போடவேண்டும். அதற்காகக் காப்பகத்துக்குப் போனேன். ஜூலையில் நான் கொண்டுவந்த கல்தாளி, அட்டையில் அழகாக ஒட்டியிருக்கிறது. எண் 4417. பெயர், இடம், தேதி, பறித்தவர்: சுகிர்தா. மூலையில் சிவப்பு மையில் ஒரு முத்திரை.

'விஷமிடப்பட்டது.'

பதினைந்து வருடமாக இந்த முத்திரையைப் பார்க்கிறேன். அந்த அறையில் எல்லா அட்டையிலும் உண்டு. பூச்சி அரிக்காமல் இருக்கச் செடியைப் பாதரசக் கரைசலில் முக்கியெடுப்பார்கள். முதல் வருட மாணவிகளுக்கு நானே பாடம் எடுக்கிறேன், தொட்டால் கை கழுவுங்கள் என்று.

வெளியே வந்து சாமுவேல் சாருக்குப் போன் செய்தேன். நவம்பரில் ஓய்வுபெற்று மகள் வீட்டில் இருக்கிறார். அந்த இலைக் கட்டிலிருந்து அட்டையில் ஒட்டவேண்டிய இரண்டு கிளையை மட்டும்தானே முக்கினீர்கள் என்று கேட்டேன்.

"கெட்டு முழுசையும் முக்கினேன்லா. அந்த அறைக்குள்ள வந்த எலைய முக்காம வெளிய விட்ட பழக்கம் எனக்குக் கெடையாது. நீ அவசரத்துல வந்து அள்ளிட்டுப் போன. எதுக்குன்னு ஒரு வார்த்த சொன்னியா?"

சொல்லவில்லை. அவர் செய்தது அவர் வேலை.

மார்ச் 8, வெள்ளி

வளையம் பாதரசத்தால்தான் வந்தது என்று இருக்கவேண்டியதில்லை. இலையில் பட்டது கொஞ்சமாக இருக்கலாம். வளையம் செடியுடையதாகவும் இருக்கலாம். எதையும் சோதிக்காமல் முடிவுகட்டக் கூடாது.

ஜூலையில் முக்கியெடுத்த என் இலையை ஈரத்தோடு அழுத்திய செய்தித்தாள் கட்டு இன்னும் காப்பகத்தின் மூலையில் கிடக்கிறது. ஆபீஸ் பஞ்சிங் மெஷினால் அதிலிருந்து ஆறு வட்டம் குத்தியெடுத்தேன். ஒன்றில் ஆடித் தள்ளுபடி விளம்பரத்தின் 'ஆடி' மட்டும் இருந்தது. இன்றைய பேப்பரிலிருந்து ஆறு. செடியும் இல்லை, சாறும் இல்லை. பிளேட்டில் வைத்து இன்குபேட்டருக்குள் தள்ளிவிட்டேன்.

நாளை சனிக்கிழமை. வாட்ச்மேனிடம் சாவி கேட்டிருக்கிறேன்.

மார்ச் 9, சனி

இன்றைய பேப்பர்: ஒன்றுமில்லை.

ஜூலைப் பேப்பர்: ஆறு வட்டத்திலும் வளையம். 'ஆடி'யைச் சுற்றி இருபத்தேழு.

என் செடியைவிட ஒரு மில்லிமீட்டர் அதிகம். ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தேன். பிளேட்டைத் தொட்டியில் போடப் போனபோது லூர்து அக்கா நினைவு வந்தது. உடைந்த இரண்டு பிளேட், ஈறு, இரும்புச் சுவை, உப்பிய முகம். பாதரசம் உடம்பில் ஏறினால் என்ன செய்யும் என்று புத்தகத்தில் எடுத்துப் பார்த்தேன். எனக்குப் புத்தகமே தேவைப்படவில்லை. அறிகுறி எல்லாம் இந்த டைரியில் நானே வரிசையாக எழுதிவைத்திருக்கிறேன்.

நவம்பரிலிருந்து மூன்று டப்பா. வெடித்த தோலில்.

மார்ச் 11, திங்கள்

லூர்து அக்காவிடம் சொன்னேன், அந்த மருந்து பழசாகிவிட்டது, இனிமேல் போடாதீர்கள் என்று. தலையாட்டினார். நிறுத்திவிட்டாலே உடம்பு தானாகச் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். மார்ச் 29 தாண்டட்டும். பிறகு உட்கார்ந்து பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம். பதினெட்டு நாள்தானே.

சார் அட்டவணை எங்கே என்று கேட்டார். தட்டச்சுக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன்.

மார்ச் 14, வியாழன்

நான்கு நாளாகத் துணி துவைக்கவில்லை. எதையோ எடுக்க அறைக்குள் போகிறேன், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் நிற்கிறேன். ஸ்டான்லி, "ஒனக்கு என்னாச்சுன்னு சொல்லு, இல்ல டாக்டர்ட்ட போவோம்" என்றார். எனக்கு ஒன்றுமில்லை. எனக்குத்தான் ஒன்றுமே ஆகவில்லை.

மார்ச் 18, திங்கள்

லூர்து அக்கா ஒரு குடுவையை நீட்டினார். வாங்கும்போது என் விரலில் பிசுபிசுத்தது.

"அக்கா, இது என்னது?"

"அந்த மருந்துதான். கொஞ்சம்தானே கெடக்கு, வீணாக்குவானேன்னு போட்டேன். பழசானா வீரியம் கொறையும், அவ்வளவுதானே டீச்சர்?"

அந்த இடத்திலேயே சொன்னேன். நின்றபடியே, குடுவையைக் கையில் வைத்துக்கொண்டே. பக்குவமெல்லாம் எங்கே போயிற்றோ. மருந்தில் இருந்தது செடி இல்லை, பாதரசம், அது உங்கள் உடம்பில் ஏறியிருக்கிறது, நடுக்கமும் வீக்கமும் அதனால்தான் என்றேன்.

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தெர்மாமீட்டர் ஒடஞ்சா உருளுமே, அதா?"

"அந்த இனம்தான்."

"ஒங்களுக்கு எப்பம் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. "போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை."

"பின்ன திங்கக்கிழம ஏன் பழசாயிட்டுன்னு சொன்னிய?"

குடுவையைத் தொட்டியில் வைத்தேன். "விஷம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அண்ணைக்கே தூர எறிஞ்சிருப்பேன்லா" என்றார். கத்தவில்லை. முந்தானையில் கையைத் துடைத்தார், பிறகு அந்த முந்தானையை என்ன செய்வதென்று தெரியாமல் உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றார்.

மார்ச் 19, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "வாயால சொன்னா போதாது. என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மாசம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அதை வச்சுத்தான் சிகிச்சையை ஆரம்பிக்கணும்" என்றார்.

எழுதுமுன் சாருக்குப் போன் செய்தேன். ஏன் செய்தேன் என்று தெரியவில்லை. யாராவது தடுக்கட்டும் என்றா?

தடுத்தார். "கையெழுத்துப் போட்டு ஒண்ணும் குடுத்துராத. போட்டா ஒன் ஆராய்ச்சி முடிஞ்சு போச்சு, புரியுதா? மார்ச் முடியட்டும்."

அதே வார்த்தை. போன வாரம் நான் எனக்கே சொல்லிக்கொண்டது. இன்னொருவர் வாயிலிருந்து கேட்கும்போதுதான் அது எவ்வளவு அசிங்கம் என்று தெரிகிறது. எழுதினேன். இலை எங்கே காய்ந்தது என்பதிலிருந்து டப்பா எண்ணிக்கைவரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். 'நிழலில் உலர்த்தியது' என்று இந்தத் தடவை எழுதவில்லை.

மார்ச் 22, வெள்ளி

சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறது. இப்போதாவது நிறுத்தியதால் மீளும் என்கிறார் டாக்டரம்மா. நடுக்கம் போக மாதக்கணக்கில் ஆகலாம். ஒரு வாரம் முன்னால் வந்திருக்கலாமே என்று கேட்டார். லூர்து அக்கா என்னைப் பார்த்தார். காட்டிக்கொடுக்கவில்லை. நானே சொல்லிவிட்டேன்.

பத்திரிகைக்குக் கட்டுரையைத் திரும்பப் பெறக் கடிதம் அனுப்பினேன். முதல்வரிடமும் சொல்லியாயிற்று, விசாரணை வைப்பார்களாம். சார் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் நடக்கிறார்.

மார்ச் 29, வெள்ளி

இன்று ஐந்து மணியோடு என் பதிவு முடிந்தது. ஐந்து மணிக்கு நான் பிளேட் கழுவிக்கொண்டிருந்தேன். லூர்து அக்கா இல்லாமல் பத்து நாளாகத் தொட்டி நிறைந்து கிடக்கிறது, முதல்வர் வேறு ஆள் போடவில்லை.

நாலு நாள்தான் கழுவியிருக்கிறேன். விரலிடுக்கில் தோல் வெடித்துவிட்டது. இன்று சீழ் மாதிரி ஒரு பொட்டு.

கழுவி முடித்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முகவீக்கம் குறைந்திருக்கிறது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத் தானே குடித்தார். கஞ்சி கொண்டுபோயிருந்தேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. பாதி குடித்ததும், "அப்போ அந்தச் செடிக்கு ஒரு கொணமும் இல்லியா டீச்சர்?" என்று கேட்டார். ஊதாவை மஞ்சளாக்கும், அதற்கு மேல் எனக்குத் தெரியாது என்றேன். "சீழு எதுல வத்திச்சு, பின்ன?" அதே விஷத்தில்தான் என்றேன். அவருக்குச் சிரிப்பு வரப்பார்த்தது, ஈறு வலிக்கவும் நிறுத்திக்கொண்டார்.

வெளியே வரும்போது டாக்டரம்மாவிடம் கேட்டேன், கைப்புண்ணுக்கு இனி என்ன மருந்து போடுவது என்று.

"அதுக்கு மருந்தே வேண்டாம்" என்றார். "பிளீச்சிங்ல கை வைக்காம இருந்தா தானா ஆறிடும். கழுவும்போது ஒரு ஜோடி ரப்பர் கையுறை போட்டுக்கச் சொல்லுங்க. இத்தன வருஷம் யாரும் குடுக்கலையா?"

ஆய்வகத்துக்குத் திரும்பி வந்து அலமாரியைத் திறந்தேன். பெட்டியில் எழுபத்திரண்டு ஜோடி இருந்தது. சாவி ஆறு வருடமாக என் கைப்பையில்தான் இருக்கிறது.